ஊர் வதந்தி நாளிதழ்ச் செய்தியாக மாறுவது எப்படி?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பகுதியில் ஐப்பசி மழை சரியாகப் பெய்யவில்லை. விவசாயிகளை நிலத்தை விற்க வைப்பதற்காக யாரோ விமானத்தில் மருந்து தூவி மேகத்தைக் கலைக்கிறார்கள் என்று ஒரு குரல் பதிவு ஊர் ஊராகச் சுற்றியது. பத்தே நாளில் அது ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தியாக வந்துவிட்டது. "நிருபர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களா, இல்லை அவர்களும் இதையெல்லாம் நம்புகிறார்களா?" என்பது அவர் கேள்வி. என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஆனால் அவர் மனதில் இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். விசாரித்துப் போடுவதுதான் பத்திரிகையின் வேலை. அப்படியிருக்க, யாருமே விசாரிக்காத ஒரு விஷயம் அத்தனை பேர் கையைத் தாண்டி எப்படி அச்சுக்கு வருகிறது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் 28 வருடம் டெல்டா மாவட்டங்களில் பத்திரிகை வேலை பார்த்தவன். முதலில் நாகப்பட்டினத்தில் நிருபர், அப்புறம் தஞ்சாவூரில் மாவட்டப் பக்கங்களைப் பார்க்கும் டெஸ்க், அதாவது நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தித் தலைப்பு வைத்துப் பக்கத்தில் ஏற்றும் வேலை. டிவி செய்தி அறைக்குள் வேலை பார்த்ததில்லை. அதனால் இங்கே சொல்வதெல்லாம் நாளிதழ்களைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாவட்டப் பக்கம் எப்படி நிரம்புகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர் போன்ற ஊர்களில் சம்பளம் வாங்கும் நிருபர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மற்ற ஊர்ச் செய்தி எல்லாம் தாலுகாவுக்கு ஒருவராக இருக்கும் பகுதிநேர நிருபர்கள் கொடுப்பது. அவர்கள் உரக்கடை வைத்திருப்பார்கள், எல்.ஐ.சி. ஏஜென்டாக இருப்பார்கள், நாலு மா நிலத்தில் விவசாயம் பார்ப்பார்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வெளிவந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியில் இருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஒரு வதந்தியைக் கேள்விப்பட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று கிராமம் சுற்றி, அதில் ஒன்றுமில்லை என்று ஒருவர் கண்டுபிடித்தால் அன்று அவருக்கு வருமானம் இல்லை. பெட்ரோல் காசு கையை விட்டுப் போனதுதான். "ஒன்றும் நடக்கவில்லை" என்பதற்குப் பத்திரிகையில் இடமும் இல்லை, பணமும் இல்லை. அதே வதந்தியால் ஐம்பது பேர் தாலுகா ஆபீஸ் வாசலில் கூடினால் அது செய்தி, படத்தோடு வரும். யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடே போதும்.

நானே பக்கத்தில் ஏற்றிய ஒன்றைச் சொல்கிறேன். செறிவூட்டிய அரிசி, அதாவது சத்து சேர்த்த அரிசி, எங்கள் பகுதி ரேஷன் கடைகளுக்கு வரத் தொடங்கிய புதிது. மாலை ஆறரை மணி. ஒன்பதரைக்குப் பக்கம் முடிய வேண்டும். ஒரத்தநாடு பக்கத்து நிருபரிடமிருந்து போன். "சார், ரேஷன் கடையில பிளாஸ்டிக் அரிசி போட்டுட்டாங்க. ஜனங்க கடையை முற்றுகை போட்டிருக்காங்க." கூடவே இரண்டு படமும் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். ஒரு படத்தில் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர், அதில் பத்துப் பதினைந்து அரிசி மட்டும் மேலே மிதக்கிறது. இன்னொன்றில் ஒரு பெண்ணின் உள்ளங்கை. அதில் சாதாரண அரிசிக்கு நடுவே லேசாக மஞ்சள் பாய்ந்த, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போன்ற அரிசிகள். வீடியோவில் ஒரு பையன் சோற்றை உருட்டிச் சிமென்ட் தரையில் எறிகிறான், அது எழும்பி விழுகிறது.

"நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "கூட்டத்தைப் பார்த்தேன் சார்" என்றார். அன்று நான் அந்தப் பதிலில் நின்றிருக்க வேண்டும். அவர் பார்த்தது கூட்டத்தை, பிளாஸ்டிக்கை இல்லை. வட்ட வழங்கல் அலுவலருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாவட்ட அளவில் ஒருவர் எடுத்து, "நாளைக்கு விளக்கம் தர்றோம்" என்றார். இன்றைக்கே இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றேன், பேட்டி கொடுக்கத் தனக்கு அனுமதி இல்லை என்றார். மணி எட்டு ஆனது. மற்ற பேப்பர்களும் போடுகிறார்கள் என்று தகவல் வந்தது. 'பிளாஸ்டிக் அரிசி?' என்று கேள்விக்குறி போட்டு, கீழே 'ரேஷன் கடையைப் பொதுமக்கள் முற்றுகை' என்று தலைப்பு வைத்தேன். மூன்று பத்தி அகலத்தில், படத்தோடு. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. முற்றுகை நடந்தது. பிளாஸ்டிக் என்று மக்கள் சொன்னார்கள். அதிகாரிகள் விளக்கம் தரவில்லை. மூன்றும் நிஜம்.

மறுநாள் விளக்கம் வந்தது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி அரிசி வடிவத்திலேயே வெளியே எடுக்கிறார்கள். அதை அப்போது 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ வீதம் கலந்தார்கள். வார்த்து எடுத்தது என்பதால் நிறம் கொஞ்சம் மாறும், சிலது தண்ணீரில் மிதக்கும். சோற்று உருண்டை எழும்பியதற்கும் பிளாஸ்டிக்குக்கும் சம்பந்தம் இல்லை. மாவுச்சத்து உள்ள எந்தச் சோற்றையும் அழுத்தி உருட்டி எறிந்தால் எழும்பும். இதே மாதிரி வீடியோக்கள் 2017-லேயே ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா என்று சுற்றி வந்தவைதான். பிளாஸ்டிக் குருணை விலை அரிசி விலையைவிட அதிகம், அதை அரிசியில் கலந்து யார் லாபம் பார்ப்பது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் போதும். அன்று மாலை அந்த ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கத்தை எட்டாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் போட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அத்தை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பாய்ந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மாட்டுத் தொட்டியில் போட்டார். அந்த வீட்டில் இரண்டு பேத்திகள், ஒருத்திக்கு ரத்த சோகை என்று மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு அத்தை பொறுக்குகிறீர்கள் என்று கேட்டேன். "பேப்பர்லயே போட்டிருந்துச்சே தம்பி" என்றார். விளக்கம் வந்ததை அவர் பார்க்கவில்லை. அந்தச் செய்தியைப் பக்கத்தில் ஏற்றியது நான்தான் என்று அவருக்குச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

இதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. செறிவூட்டிய அரிசியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் நிஜமாகவே இருந்தன. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்கள் இரும்புச்சத்து சேர்த்த உணவை மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று பையில் அச்சிட வேண்டுமென உணவுப் பாதுகாப்பு விதியே அப்போது சொன்னது. பிறகு 2024-ல் அந்த எச்சரிக்கை தேவையில்லை என்று நீக்கினார்கள். அது நடைமுறையில் இருந்த காலத்தில், சாக்கிலிருந்து நேராகப் பையில் அளந்து போடும் ரேஷன் கடையில் அந்த வாசகத்தை யார் பார்த்திருப்பார்கள்? கலப்பதற்கு முன்னால் ஊர் மக்களுக்கு யாராவது சொன்னார்களா? இவை நல்ல செய்திகள், விசாரித்து எழுதியிருக்கலாம். பிளாஸ்டிக் என்ற சொல் வந்ததும் இவற்றுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

கதை அங்கேயும் முடியவில்லை. சில மாதம் கழித்து வேறொரு ஊரில் இதே புகார். அந்தச் செய்தியின் கடைசி வரி: "ஏற்கனவே இப்பகுதியில் பிளாஸ்டிக் அரிசி விநியோகிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது குறிப்பிடத்தக்கது." எங்கள் தொழிலில் இந்த 'குறிப்பிடத்தக்கது' ஒரு பழக்கம். செய்தி கொஞ்சம் குட்டையாக இருந்தால் பழைய செய்தியைத் தேடி ஒரு வரி பின்னணி சேர்த்து இதைப் போட்டு முடிப்போம். பின்னணி வரியை யாரும் மறுபடி விசாரிப்பதில்லை, ஏற்கனவே அச்சில் வந்ததுதானே என்ற நினைப்பு. முதல் செய்தியில் இருந்த கேள்விக்குறி இரண்டாவது செய்தியில் இல்லை. மூன்றாவதில் 'புகார்' என்ற சொல்லும் போய்விடும்.

இது நம் ஊர் நிருபர்கள் படிக்காததால் வருகிற கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். உலக அளவில் ஆவணங்களோடு நிரூபணமான உதாரணம் ஒன்று உண்டு, அது தொடங்கியதே இந்தியாவில்தான். 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த 'பேட்ரியாட்' நாளிதழில் பெயர் குறிப்பிடாத ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் பிரபலமான அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் போட்டிருந்தார்கள். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது என்பது அதன் சாரம். கொஞ்ச காலம் அதை யாரும் கவனிக்கவில்லை. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் ஒரு வார இதழ் அந்த டெல்லிச் செய்தியையே ஆதாரமாகக் காட்டி மறுபடி எழுதியது. அங்கிருந்து நாடு நாடாகப் போனது. 1987 மார்ச்சில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி மாலைச் செய்தியிலேயே, சோவியத் ராணுவ வெளியீடு ஒன்று இப்படிச் சொல்கிறது என்று வாசித்தார்கள். இது சோவியத் உளவுத்துறை வேண்டுமென்றே விதைத்த கதை. 1992-ல் ரஷ்ய உளவுத்துறையின் தலைவராக இருந்த பிரிமகோவே அதை ஒப்புக்கொண்டார். விதைத்தவர்களுக்கு நோக்கம் இருந்தது. ஆனால் நடுவில் அதைச் சுமந்துபோன அத்தனை செய்தி ஆசிரியர்களும் கைக்கூலிகள் இல்லை. இன்னார் இன்ன இடத்தில் சொன்னார் என்று எழுதினார்கள், அவ்வளவுதான். மாஸ்கோ இதழ் டெல்லி நாளிதழை ஆதாரம் காட்டியதும், ஒரத்தநாட்டுச் செய்திக்கு இன்னொரு பேப்பர் 'குறிப்பிடத்தக்கது' போட்டதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

இதில் மொழிக்கும் பங்கு உண்டு. இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். ஊரில் வாய்ப்பேச்சில் நாம் ஒழுங்காகத்தான் பேசுகிறோம். "மேகத்தைக் கலைக்கிறாங்களாம்" என்கிறோம். கடைசியில் வரும் அந்த 'ஆம்' போதும், நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டேன் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பத்திரிகைத் தமிழ் இந்த 'ஆம்'-ஐச் சேர்க்காது, வதந்தி மாதிரி இருக்கிறது என்று டெஸ்க்கில் வெட்டிவிடுவோம். அந்த இடத்தில் 'கூறப்படுகிறது' என்று போடுவோம். யாரால் கூறப்படுகிறது? சொல்ல வேண்டியதில்லை. 'எனத் தெரிகிறது' இன்னும் மோசம். யாருக்குத் தெரிகிறது, எப்படித் தெரிந்தது? இந்த மாற்றத்தில் வதந்தி கொஞ்சம்கூட உண்மைக்குப் பக்கத்தில் வரவில்லை. ஆனால் படிப்பவருக்கு ஏதோ அலுவலகத்தில் விசாரித்த மாதிரி இருக்கும்.

இன்னொரு சொல் 'நிலையில்'. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ம் தேதி சென்னையில் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்காகவே போனார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி அதிகாலை காலமானார். முக்கியமான இதய ரத்தக் குழாய் முழுவதும் அடைத்திருந்தது என்று மருத்துவமனை சொன்னது. தடுப்பூசி காரணமில்லை என்று தேசிய அளவிலான நிபுணர் குழுவும் பிறகு முடிவு சொன்னது. ஆனால் 'தடுப்பூசி போட்டுக்கொண்ட நிலையில் மாரடைப்பு' என்று ஒரு வாக்கியம் எழுதினால் என்ன ஆகும்? 'காரணமாக' என்று எழுதவில்லை, 'நிலையில்' என்றுதான் எழுதினோம் என்று டெஸ்க்கில் இருப்பவர் சொல்லலாம். படிக்கிறவர் 'காரணமாக' என்றுதான் படிப்பார். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றை ஒட்டும் வேலையை வாசகரிடம் விட்டுவிடுவது இது. அந்த வாரங்களில் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி போட வந்தவர்களைவிடக் கேள்வி கேட்க வந்தவர்கள்தான் அதிகம் என்று செவிலியர்கள் என்னிடம் சொன்னார்கள்.

அடுத்து, வதந்தி எப்போதும் கீழேயிருந்துதான் மேலே போகும் என்றில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது அங்கே நிருபர். நாலாம் நாள், டிசம்பர் 30. அக்கரைப்பேட்டைப் பக்கம் இன்னும் உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்தே மறுபடி அலை வரலாம் என்று எச்சரிக்கை வந்தது. மீட்பு வேலை செய்தவர்கள், பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் போட்டது போட்டபடி மேற்கே ஓடினார்கள். ஒரு அம்மா கையில் பால் டப்பாவும் இடுப்பில் குழந்தையுமாக, செருப்பில்லாமல் ஓடியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிறகு தெரியவந்தது, அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் சொன்ன நிலநடுக்கக் கணிப்பு. நிலநடுக்கம் இந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறை யாரிடமும் கிடையாது. அறிவியல் துறை அமைச்சராக இருந்த கபில் சிபலே அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார். ஆனால் நாங்கள் என்ன செய்திருக்க முடியும்? அரசாங்கமே சொல்கிறது, போடாமல் இருக்க முடியுமா? அன்று நாங்கள் போட்டதைத் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். உயிர் போகிற விஷயத்தில் அரசு எச்சரித்தால் போட்டுத்தான் ஆக வேண்டும். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்தான். அதுவரை கேட்டுச் சரிபார்க்க ஓர் இடம் இல்லை.

அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான், சுனாமியே கடலுக்கடியில் நடந்த அணுகுண்டு சோதனையால் வந்தது என்ற பேச்சு முகாம்களில் கால் ஊன்றியது. 'அரசாங்கத்துக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறார்கள்' என்றார்கள். கெய்ரோவிலிருந்து வரும் ஒரு வார இதழ் இந்தியாவின் அணு சோதனைதான் காரணம் என்றே எழுதியது. சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவில் வந்த நிலநடுக்கத்தின் ஆற்றல் எந்த அணுகுண்டுக்கும் எட்டாதது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாலு நாளில் வீடு போய், பிள்ளை போய், அதன் மேல் வராத அலைக்கும் ஓட வைத்தால் யாரை நம்புவார்கள்?

இதனால் எல்லாச் சந்தேகத்தையும் சதிக் கதை என்று தள்ளிவிடலாமா என்றால் கூடாது. டெல்டாக்காரனாக இதை அழுத்திச் சொல்கிறேன். மீத்தேன் திட்டம் என்று முதலில் சில விவசாயிகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னபோது, வயலைத் தோண்டி வாயு எடுக்கப் போகிறார்களாம், கதை விடுகிறார்கள் என்றுதான் டெஸ்க்கில் பேசிக்கொண்டோம். ஆனால் அவர்கள் காகிதம் கொண்டுவந்தார்கள். வரைபடத்தின் ஜெராக்ஸில் எந்தெந்தக் கிராமம் என்று பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். 2010-ல் மத்திய அரசு மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது உண்மை. அந்த வாயுவை எடுக்க முதலில் படுகையில் உள்ள நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும் என்பதும் உண்மை. இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் கடைசி மூச்சு வரை அதை எதிர்த்து ஊர் ஊராகப் போனார், 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கத்தில் பிரச்சாரத்தில் இருந்தபோதே காலமானார். 2015-ல் மாநில அரசு திட்டத்தைத் தடை செய்தது, 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் வந்தது. பத்து வருடத்தில் தஞ்சாவூரே கடலுக்குள் போய்விடும் என்று மேடையில் சிலர் பேசினார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அடிப்படைப் புகார் சரி, அதை வதந்தி என்று ஒதுக்கிய நாங்கள்தான் தவறு.

இரண்டையும் பிரிப்பது எப்படி என்று கேட்டால், நான் பார்க்கும் இடம் ஒன்றுதான். மீத்தேன் புகாரில் நிறுவனத்தின் பெயர் இருந்தது, பரப்பளவு இருந்தது, ஒப்பந்தம் போட்ட வருடம் இருந்தது. பொய்யாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஒரு மனு போட்டால் தெரிந்துவிடும். சதிக் கதையில் 'யாரோ', 'மேலிடத்தில்', 'பெரிய கை' என்றுதான் இருக்கும். அதிகாரி மறுத்தால் மறைக்கிறார் என்பார்கள், பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பார்கள். எந்தப் பதில் வந்தாலும் தோற்காத புகாரை விசாரிக்க எந்த நிருபராலும் முடியாது. எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துவிட முடியும் என்று சொல்ல மாட்டேன். காகிதம் கிடைக்காத உண்மைப் புகார்களும் உண்டு, மணல் அள்ளும் விஷயத்தில் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் வாட்ஸ்அப் வந்ததால்தான் என்று சொல்கிறார்களே என்றால், நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். வேகம் கூடியது நிச்சயம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. அந்த நாட்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, குழந்தைகள் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படத்தின் வெட்டிய துண்டு. அதே வருடம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் மாவட்டப் பக்கங்களிலேயே 'மர்ம நபர்கள் நடமாட்டம்? கிராம மக்கள் அச்சம்' என்று எத்தனை செய்தி வந்தது தெரியுமா? அச்சம் இருந்தது உண்மைதான், அதனால் போட்டோம். போட்டதால் அச்சம் இன்னும் நாலு ஊருக்குப் போனது. அது அடுத்த நாளுக்குச் செய்தி ஆனது. இந்தச் சுழற்சிக்கு போன் தேவையே இல்லை. சுனாமி முகாமில் யார் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது?

காசு விஷயத்துக்கு வருகிறேன், கேட்டவர் அதைத்தான் முதலில் கேட்டார். தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவது நடந்திருக்கிறது, பிரஸ் கவுன்சிலே அதை விசாரித்தது. ஆனால் மேகத்தைக் கலைக்கிறார்கள் என்ற வகைக் கதைக்குப் பணம் கைமாறியதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நம்பிக்கையைப் பொறுத்தவரை, பகுதிநேர நிருபரும் அதே ஊர்க்காரர்தான். அவர் அம்மாவும் அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், அவர் வயலும்தான் காய்கிறது. அவர் முழுசாக நம்ப வேண்டியதில்லை, இருந்தாலும் இருக்கும் என்று நினைத்தாலே போதும்.

இனி உங்கள் ஊர்ச் செய்தி. விமானத்தில் தூவுவது கற்பனை இல்லை. மேக விதைப்பு என்று ஒன்று இருக்கிறது, சில்வர் அயோடைடு அல்லது உப்புத் துகளைத் தூவி இருக்கிற மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாக மழை எடுக்கப் பார்ப்பது. தமிழ்நாடு அரசே பஞ்ச காலங்களில் முயன்றிருக்கிறது. மழை எவ்வளவு கூடும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழையை ஒரு மாவட்டத்தில் மட்டும் பெய்யவிடாமல் தடுக்கிற தொழில்நுட்பம் யாரிடமும் இல்லை, இதை உறுதியாகச் சொல்லலாம். வங்கக்கடலில் தாழ்வு நிலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் திருத்துறைப்பூண்டிக்கு மழை வருவதும் கடலூருக்குப் போவதும். வானத்தில் வெள்ளைக் கோடு தெரிந்ததாக அந்தக் குரல் பதிவில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உயரத்தில் போகும் பயணிகள் விமானத்தின் புகையில் உள்ள ஈரம் குளிரில் உறைந்து நிற்பது.

அந்தச் செய்தி வந்த நாளின் பேப்பர் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேகத்தைக் கலைப்பதாகச் சொன்னவர் யார் என்று பெயர் இருக்கிறதா, வேளாண்மை இணை இயக்குநரிடமோ சென்னை வானிலை ஆய்வு மையத்திலோ கேட்டதாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அதே பக்கத்தில் கீழே, விளம்பரத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் 'மழை அளவு' என்று ஒரு பெட்டி இருக்கும். பருவமழைக் காலத்தில் கலெக்டர் அலுவலகத்திலிருந்து தினமும் காலையில் வருவது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடி, நீடாமங்கலம் என்று ஊர்வாரியாக மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். பத்து நாள் பேப்பரை எடுத்து அந்தப் பெட்டியை மட்டும் வெட்டி வரிசையாக வையுங்கள். உங்கள் ஊரில் மட்டும்தான் மழை குறைந்ததா, பக்கத்து ஊர்களிலும் அப்படித்தானா என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு செய்தி எழுதிய நிருபரைப் போய்ப் பாருங்கள். அவர் உங்கள் ஊர்க்காரர்தான், கடைத்தெருவில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள்.